துரையின் லாஞ்சை நீ வாங்காமல் வந்த நாள்

மாமு,

இன்று காலை பட்டறைக்குப் பக்கத்துத் தச்சுக்கடையில் ஒரு பீரோவுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் பெட்ரோல் நனைத்த துணி. இரண்டு வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் எனக்கு வேலை ஓடவில்லை. வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டேன். தெருவில் போன மீன்காரி ஒருத்தி, உடம்புக்கு ஆகலையா மேஸ்திரி என்று கேட்டுவிட்டுப் போனாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் ஞாபகம்தான்.

துரையின் லாஞ்சுக்கும் இதே வாசனை. உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. துறைமுகத்துக்குள் கட்டிப்போட்டிருந்த தன் மோட்டார் படகைக் கம்பெனித் துரை 'யாட்' என்பார். நமக்கு லாஞ்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலும் துரைசானியுமாக எண்ணூர்ப் பக்கம் போய் வருவதற்கென்று வைத்திருந்தார். தேக்குத் தளம், பித்தளைக் கைப்பிடி, உள்ளே மெத்தை போட்ட அறை. பழைய படகுதான், ஆனாலும் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஊருக்குப் போகிற அவசரத்தில் வந்த விலைக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதன் எஞ்சின்களை அவ்வப்போது பழுது பார்த்தவன் நான் என்பதால் செய்தி முதலில் என்னிடம் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உன்னிடம் வந்து உளறினேன்.

உளறாமல் எப்படி இருப்பது? நீ கடலுக்குப் போகாமல் ஒரு மழைக்காலமே கழிந்திருந்தது. கரை திரும்பும்போது அலை கட்டுமரத்தைப் புரட்டி, கட்டை உன் வலது தோளில் இறங்கிவிட்டது. எலும்பு கூடியது, கை மட்டும் மார்புக்கு மேல் எழும்பவில்லை. இராயபுரம் கரையில் உன்னைப் போல மரம் ஓட்டியவன் கிடையாது. அப்பேர்ப்பட்ட நீ, மற்றவர்கள் மரம் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு மணலில் குந்தியிருந்தாய். கிழிந்த வலையைக் கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாய். சோறு குறைந்தது, பேச்சு நின்றது. ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து உன் வாயை அடைக்க முடியாமல் தவித்தவன் நான். நீ பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

எஞ்சின் இருந்தால் தோள் தேவையில்லை. சக்கரத்தைப் பிடிக்க ஒரு கை போதும். நாலைந்து கட்டுமரங்களைக் கயிற்றில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போகலாம், பிடித்த மீனோடு இழுத்து வரலாம் என்று நீயே திட்டம் போட்டாய். அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயாம். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, அதை எனக்குச் சொல்லியனுப்பினாள். அவள் நகையும், உன் கட்டுமரமும், வலையும் எல்லாம் போனால்தான் லாஞ்சு வரும். அதன் பிறகு வீட்டில் மிச்சம் என்று எதுவும் இராது.

"நீ பாத்து சொல்லு மாமு. நீ சரின்னா சரி" என்று பாரத்தை என் தலையில் இறக்கினாய்.

நானும் போய் இரண்டு எஞ்சினையும் திறந்து பார்த்தேன். ஒன்று குடிகாரன், மற்றது மொடாக்குடியன். பிஸ்டன் ரிங்கெல்லாம் தேய்ந்து, பெட்ரோலைப் பாதி எரித்துப் பாதியைப் புகையாகத் துப்பிக்கொண்டிருந்தன. பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டோடு அலைந்த நாள் அது. துரைக்குக் கம்பெனி இருந்தது, உனக்கு யார் இருந்தார்கள்? நீ பிடிக்கிற மீனையெல்லாம் அதுவே தின்றுவிடும். ஒரு வருஷத்தில் லாஞ்சும் போய், மரமும் போய், பழையபடி அதே மணலில் வந்து குந்துவாய். வேண்டாம் என்று சொல்வதுதான் நியாயம். சொன்னால் நீ என்ன ஆவாயோ என்று என் வாய் எழவில்லை.

அப்போதுதான் தங்கச்சி பட்டறைக்கு வந்தாள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, லாஞ்சு எப்படி என்று நேராகக் கேட்டாள். மறைக்காமல் சொன்னேன்.

"நல்லாகீதுன்னே சொல்லிடுண்ணா," என்றாள். "நகை பூட்டா பூடுது. மன்சன் பூடுவாரு போலக்கீது."

கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள், தூக்கிவிட்டேன். அவள் தெருமுனை திரும்புவதற்குள் நானும் முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் பொய்தான் சொல்லப் போகிறேன் என்று.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துரை அனுமதி கொடுத்தார். நான் எஞ்சினில், நீ சக்கரத்தில். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாய். துறைமுக வாயைத் தாண்டியதும் லாஞ்சு நன்றாகத்தான் ஓடித் தொலைத்தது. அலை வந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மிதித்துப் போயிற்று. நீ சிரித்தாய். எத்தனை காலம் கழித்துச் சிரிக்கிறாய்! சொல்ல வேண்டிய பொய்யை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

திருவொற்றியூர்க் கோபுரம் நேராகத் தெரிகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தச் சொன்னாய். சக்கரத்தை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போய்க் குனிந்தாய். பிறகு அந்த வெள்ளைச் சட்டையோடு தளத்தில் குப்புறப் படுத்து, நல்ல கையைக் கீழே நீட்டினாய். ஏதோ விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து அந்தப் பக்கம் போய்ப் படுத்தாய். அங்கேயும் உன் விரலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழம். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. கட்டுமரத்தில் போகிறவன் எப்போதும் தண்ணீரோடு தண்ணீராக இருக்கிறவன். நீரோட்டம் எந்தப் பக்கம், தண்ணீர் குளிர்ந்திருக்கிறதா, மீன் எங்கே நிற்கும் என்பதெல்லாம் உனக்குக் கையையும் காலையும் கடலில் விட்டால்தான் தெரியும்.

எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டாய்.

"எட்ல மாமு," என்றாய். "இதுல குந்திகினா நானும் தொரை மாரி கடல வேடிக்க பாத்துகினுதான் வரணும். அத்த கரைலேர்ந்தே பாத்துக்கறேன்."

வேண்டுமானால் வாளியில் மொண்டு பார்க்கலாமே என்றேன். அதற்கு நீ பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. விடாமல், எஞ்சின் நல்ல எஞ்சின் என்றும் சொல்லி வைத்தேன். அவள் வந்து சொல்லச் சொன்னாளா என்று கேட்டாய். கோபமே இல்லை உன் குரலில். நான் எஞ்சினைக் கிளப்பினேன்.

லாஞ்சை யாரோ வெளியூர்க்காரர் வாங்கிக்கொண்டு போனார். நீ அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் விடியலில் கரைக்குப் போய், உன்னோடு தொழில் செய்தவர்கள் மரம் தள்ளும்போது, என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டாய். துடுப்புப் போட மாட்டேன், அதனால் பங்கும் வேண்டாம் என்றாய். துடுப்புப் போடாதவனுக்குப் பங்கில்லை என்பது உங்கள் கரையின் வழக்கம். பின்னால் நின்று மரம் ஓட்டியவன், ஊர் பார்க்க நடுவில் சுமையாகக் குந்திக்கொண்டு போவதென்றால் சும்மாவா? நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன். நீ போனாய். கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, இங்கே வலை போடு, அங்கே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தாய். மீன் நிறைய விழுந்த நாட்களில் அவர்களாகவே பங்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டுக் குழம்புக்கு ஆகிற மீனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவாய். குடும்பத்தைத் தங்கச்சியின் கூடைதான் தாங்கியது. நகை அவள் கழுத்திலேயே இருந்தது. உன் வாயும் பழையபடி திறந்துகொண்டது, எனக்குத்தான் தலைவலி.

கடைசிக் காய்ச்சல் வந்து படுக்கும்வரை அப்படித்தான் போய்வந்தாய்.

உன் காரியமெல்லாம் முடிந்து அவர்கள் மறுபடி கடலுக்குப் போன முதல் நாள் நானும் கரையில் இருந்தேன். திரும்பி வந்து மரத்தைக் கரையேற்றிவிட்டு மீனைப் பங்கு பிரித்தார்கள். ஒரு பங்கு கூடுதலாகப் பிரித்தார்கள், மரம் ஓட்டுகிறவனுக்கு உண்டான முழுப் பங்கு. அதைக் கொண்டுவந்து தங்கச்சியின் முன்னால் கொட்டினார்கள். அவள் குனிந்து குழம்புக்கு ஆகிற மீனைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். மற்றதை இரண்டு கையாலும் அவர்கள் பக்கம் தள்ளிவிட்டாள். மத்தியானம் அந்தக் குழம்பில் எனக்கும் கொடுத்தனுப்பினாள். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

எனக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை மாமு. சத்தத்தை வைத்தே எஞ்சினின் கோளாறைச் சொன்ன காது. பட்டறையில் வேறு ஒருவரை மேஸ்திரியாகப் போட்டுவிட்டார்கள், வயதில் என் மகன் மாதிரி. வருகிற திங்கட்கிழமை முதல் அவருக்குக் கீழே வேலை செய்ய இஷ்டமிருந்தால் வரலாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். என் கோபம் உனக்குத் தெரியும். வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடுவது என்றுதான் நேற்றுவரை இருந்தேன்.

திங்கட்கிழமை போகப் போகிறேன்.