ஏழு என்று எழுதிய கதவுகள்

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆட்கணக்கு எடுப்பதற்காக ஒன்பதாம் வார்டை இன்று இரண்டாகப் பிரித்தார்கள். நடுவில் ஓடும் சாக்கடைக் கால்வாய்தான் எல்லை. வடக்கே முந்நூற்றுப் பத்து வீடுகள், எனக்கு. தெற்கே இருநூற்றுத் தொண்ணூறு, மீட்டர்காரனுக்கு.

மீட்டர்காரன் என் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன். பதினெட்டு வருடம் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்த்தவனை எங்கள் புள்ளிவிவர அலுவலகத்துக்குத் தற்காலிகமாக அனுப்பியிருக்கிறார்கள். பள்ளிப் படிப்போடு சரி. அவன் மீட்டர் வேலைக்குப் போட்ட விண்ணப்பத்தையே நான்தான் எழுதிக் கொடுத்தேன். நான் புள்ளியியலில் முதுகலை, முதல் வகுப்பு, இருபத்திரண்டு வருட சர்வீஸ். எங்கள் இருவருக்கும் ஒரே படிவம், ஒரே பை, ஒரே சாக்பீஸ் பெட்டி.

"ரெண்டு பேரும் சொந்தமாமே! ரொம்ப நல்லதாப் போச்சு" என்று எங்கள் மேலதிகாரி மேடம் சிரித்தார். எது நல்லது?

வார்டில் மூவாயிரம் பேர் இருந்தால் தாய்சேய் மையம் நிற்கும். குறைந்தால் எட்டாம் வார்டு மையத்தோடு சேர்த்துவிடுவார்கள். என் மனைவி அங்கேதான் மருந்து கொடுக்கிறாள். சேர்க்கட்டுமே. அவளுக்கு நகரத்துக்குள் மாற்றல் கிடைத்தால் நாங்களும் இந்த இடத்தைவிட்டுப் போகலாம்.

இந்த இடம் என்று எழுதிவிட்டேன். என் வீடு ஒன்பதாம் வார்டின் கடைசித் தெருவில் இருக்கிறது. அலுவலகத்தில் எட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெருமுனை தாண்டினால் எட்டுதானே.

பிப்ரவரி 19, வியாழன்

கதவைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்கள். ஜன்னல் சீலை அசைகிறது, உள்ளே இருமல் கேட்கிறது, ஆனால் "யாரும் இல்ல" என்று ஒரு குழந்தை சொல்கிறது. யாரும் இல்லாத வீட்டில் நீ யார் என்று கேட்கத் தோன்றியது.

விதிப்படி மூன்று தனித்தனி நாள், தனித்தனி நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அப்போதும் ஆள் இல்லையென்றால்தான் கதவில் சாக்பீஸால் ஏழு போடலாம். ஏழு என்றால் ஆளில்லாத வீடு. ஆள் இருந்தால் எத்தனை பேரோ அதை வட்டம் போட்டு எழுத வேண்டும்.

நான் ஒரே நிற்பில் மூன்று தேதியையும் எழுதிவிட்டு ஏழு போட்டேன். எல்லோரும் செய்வதுதான். இந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 20, வெள்ளி

நான் முப்பத்தொரு வீடு. அவன் பதினாறு. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மைத்துனி வீட்டில் மதியச் சாப்பாடு. அவன் தலையில் ஒரு நரை இல்லை, அதுவே எனக்கு ஆகவில்லை. நாங்கள் போனதும் போகாததுமாக என் பெண்ணைப் பார்த்து "என்ன டாக்டரம்மா, பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள்?" என்கிறான். எனக்குத் தெரியாத தேதி அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"தெக்குப் பக்கம் ஒரு வீடுங்க அண்ணி" என்று என் மனைவியிடம் கதை சொல்ல ஆரம்பித்தான். "ஒரு மீட்டர், நாலு அடுப்பு. நான் மீட்டர் பாக்கப் போன காலத்துலயே தெரியும், அந்த யூனிட்டு ஒரு குடும்பத்துக்கு ஆகாது. நாலு குடும்பத்துக்கும் ஒரே கக்கூஸு. பூட்டு யார்கிட்ட இருக்குன்னு தெனம் ஒரு சண்டை."

மனைவி கையில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தாள். என் முதுகலை ஆய்வேடு இதைப் பற்றித்தான். நெரிசல் குடியிருப்புகளில் குடும்ப அளவு, நூற்றுப்பத்துப் பக்கம். இருபது வருடத்தில் அதில் ஒரு பக்கம்கூட அவள் புரட்டியதில்லை.

பிறகு அவன் சொன்னான்: "அண்ணே, உங்க பக்கம் கஷ்டமாம்ல? நான் வேணா ஒரு நாள் கூட வரட்டுமா? என் மூஞ்சியப் பாத்தா தொறந்துருவாங்க."

"உன் மூஞ்சியப் பாத்தா கரண்ட கட் பண்ண வந்துட்டான்னு ஓடிருவாங்க" என்றேன்.

எல்லோரையும்விட அவன்தான் பலமாகச் சிரித்தான். கோபமே வராதா இவனுக்கு?

பிப்ரவரி 26, வியாழன்

கடைசித் தெரு. கடைசிக்கு முந்தின வீடு. மனைவி மையத்துக்குப் போயிருந்தாள், பெண் பள்ளியில், நான் வாசலில். ஆக, உள்ளே ஆளில்லை. பொய் ஒன்றும் இல்லை.

என் கதவில் ஏழு போட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

தற்காலிக அட்டவணை வந்தது. வடக்கில் எண்ணிய வீடுகள் 192, ஆட்கள் 595. சராசரி 3.1. ஏழு போட்டவை 118. தெற்கில் 290 வீடு, ஆட்கள் 2,146. சராசரி 7.4. மொத்தம் 2,741. மூவாயிரத்துக்கு 259 குறைவு.

மேடம் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஒரு ஏழுகூடப் போடாம ஒருத்தர் முடிச்சிருக்கார். இப்படி நான் பாத்ததே இல்ல" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளங்கை எரிகிறது.

துணை இயக்குநர் இடம் ஜூனில் காலியாகிறது. தற்காலிகமாக வந்தவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். மாட்டார்கள்தானே?

யோசித்துப் பார்க்கிறேன். பத்தடிக் கால்வாய். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே தகரக் கூரை, அதே தண்ணீர்க் குழாய், அதே தொழிற்சாலை வண்டி. இங்கே மூன்று பேர், அங்கே ஏழு பேர் என்றால் இரண்டில் ஒன்று பொய். புள்ளியியல் படித்தவனுக்கு இது போதும்.

பொய் அவனுடையது. அறைக்குள் உட்கார்ந்து ஆட்களைப் பெருக்கியிருக்கிறான்.

மார்ச் 11, புதன்

மேடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். இடது கையால். ஒரு பக்கம். தெற்கின் சராசரி எப்படிச் சாத்தியமில்லை என்று படிப்படியாக. மூன்றாவது பத்தி நன்றாக வந்திருக்கிறது. ஆய்வேட்டுக்குப் பிறகு இவ்வளவு மனம் ஒன்றி எதையும் எழுதியதில்லை.

தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரும் வழியில் விசில் அடித்தேன்போல. பக்கத்து வீட்டுத் தையல்காரி திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 16, திங்கள்

மேடம் கூப்பிட்டார். மேஜைமேல் என் கடிதம்.

"பேரில்லாம வந்திருக்கு. ஆனா எழுதினவன் நல்லாப் படிச்சவன் சார். எவ்ளோ கோர்வையா இருக்கு பாருங்க. நம்ம ஆபீஸ்ல இப்படி யாருக்கு எழுத வரும்?"

"கீழ் செக்‌ஷன்ல யாராவது..." என்றேன்.

"கீழ் செக்‌ஷன்ல லீவ் லெட்டரே ஒழுங்கா எழுத வராது." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போகட்டும். புகார்னு வந்துட்டா பாத்துதான் ஆகணும். தெக்குல நாப்பது வீடு எடுத்திருக்கேன். நீங்களே போய்ச் சரிபாருங்க. உங்களைவிடக் கறாரா யார் பாப்பாங்க?"

என் புகாரை நானே விசாரிக்கப் போகிறேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இல்லை, சிரிக்கத்தான் வேண்டும். பிழையைக் கண்டுபிடிக்கப் போவதும் நான்தானே.

மார்ச் 18, புதன்

முதல் வீடு. படிவத்தில் ஒன்பது பேர். ஒரே அறை, எட்டுக்குப் பத்து. காலை பதினொரு மணிக்குப் போனேன். கதவைத் திறந்தது பெட்டி மடிக்கும் கம்பெனியில் வேலை செய்யும் பெண். அவள் இடுப்பில் ஒரு குழந்தை. தரையில் மூன்று பேர் முகத்தை மூடித் தூங்குகிறார்கள். ஆக ஐந்து.

"மிச்ச நாலு பேர் எங்கம்மா?" என்றேன். குரலில் இனிப்பு தடவியிருந்தேன்.

"வேலைக்குப் போயிருக்காங்க சார். பகல் ஷிப்டு."

"ஒம்போது பேருக்கு இந்த ரூமா? எப்படிப் படுப்பீங்க?"

"எதுக்கு ஒம்போது பேரும் ஒண்ணாப் படுக்கணும்?" அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "காலைல ஆறு மணிக்கு வந்து பாருங்க சார். மீட்டர்காரர் அப்படித்தான் வந்தாரு. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, ஞாயித்துக்கிழம ஒருக்கா. ஆளாளுக்கு மூஞ்சியப் பாத்துதான் எழுதுனாரு. இவளுக்கு மார்ச்சளின்னு மையத்துக்குச் சீட்டும் எழுதிக் குடுத்தாரு."

சீட்டு எழுத இவன் யார்?

மார்ச் 19, வியாழன்

ஆறு மணிக்குப் போனேன்.

தொழிற்சாலை வண்டி வந்து நின்றது. அறைக்குள்ளிருந்து நான்கு பேர் தலை வாரிக்கொண்டே வெளியே வந்தார்கள். வண்டியிலிருந்து மூன்று பேர் இறங்கி உள்ளே போனார்கள். யாரும் பாயைச் சுருட்டவில்லை. எழுந்தவர் விட்ட இடத்தில் வந்தவர் படுத்தார். அந்த வீட்டில் பாய்க்குச் சூடு ஆறுவதே இல்லை.

அதே வண்டி கால்வாய் தாண்டி வடக்கேயும் போயிற்று. அங்கேயும் நின்றது. அங்கேயும் ஏறினார்கள், இறங்கினார்கள். நான் அந்தத் தெருக்களில் பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டியவன். ஷிப்டு முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்தவர்கள் எழுந்து வந்து எனக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டுமாம்.

நூற்றுப்பத்துப் பக்கத்தில் பாயைப் பற்றி ஒரு வரி நான் எழுதவில்லை.

மார்ச் 21, சனி

நாற்பது வீடும் முடிந்தது. ஒரே ஒரு பிழை. ஒரு கிழவர் மகன் வீட்டில் சாப்பிடுகிறார், மகள் வீட்டில் தூங்குகிறார், இரண்டு இடத்திலும் எண்ணப்பட்டிருக்கிறார். அதைக் கண்டுபிடித்தபோது நடுத்தெருவில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஒரு கிழவரை வார்டிலிருந்து கழித்ததற்கு.

மார்ச் 23, திங்கள்

அறிக்கை கொடுத்தேன். ஒரு பிழை தவிர எல்லாம் சரி. அதை எழுத எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. பொய் எழுதியிருக்கலாம். கிழவரைப் பத்தாக்கியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? நல்லவன் என்பதால் இல்லை. மறுபடி யாராவது போய்ப் பார்ப்பார்கள் என்ற பயம்.

மேடம் படித்துவிட்டு, "அப்போ தெக்கு சரின்னா, வடக்கு?" என்றார்.

நான் சுவரில் இருந்த வார்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நூத்திப் பதினெட்டு ஏழையும் உங்க சகலையே ஒரு தடவ பாத்துரட்டும். நீங்க ஓய்வெடுங்க சார்."

ஓய்வெடுங்களாம்.

மார்ச் 25, புதன்

மனைவிக்கு விஷயம் போய்விட்டது. தங்கை சொல்லாமல் இருப்பாளா? தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தெனம் அம்பது பேர் எங்கிட்ட மாத்திர வாங்க வராங்க. பாதிப் பேர் வடக்குத் தெரு. உங்க கணக்குல அவங்க யாருமே இல்லையாங்க?"

"வீட்ல ஆளில்ல."

"நம்ம வீட்டுக் கதவுலயும் ஏழு இருக்கே. அழிச்சுரலாம்னு பாத்தேன், நீங்க எழுதினதாச்சேன்னு விட்டுட்டேன். நானும் ஆளில்லையா?"

எட்டாம் வார்டு மையத்துக்கு வடக்குத் தெருவிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும் என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரி எப்படிப் போவாள் என்று கேட்டாள். எனக்கும் அது தெரியும். தெரிந்துதான்... சே. எழுந்து போய்க் கை கழுவினேன்.

மார்ச் 28, சனி

காலை ஆறரை. கதவு தட்டும் சத்தம்.

"அப்பா, சித்தப்பா குரல் மாதிரி இருக்குப்பா" என்றாள் பெண்.

"திறக்காதே" என்றேன். மனைவி குளியலறையில் இருந்தாள். ஜன்னல் சீலை அசையாமல் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 30, திங்கள்

சாயங்காலம் மறுபடி வந்தான். மனைவியும் பெண்ணும் வெளியே போயிருந்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் வெளியே நின்று படிவத்தில் தேதி எழுதும் சத்தம்கூடக் கேட்டது. ஒரே ஒரு தேதிதான் எழுதினான்.

ஏப்ரல் 1, புதன்

மூன்றாம் முறை. மதியம். நான் திறந்தேன்.

"அப்பாடா, இருக்கீங்களாண்ணே" என்றான். படிவத்தை எடுத்து வாசல்படியிலேயே உட்கார்ந்தான். "வீட்ல மொத்தம் எத்தனை பேரு?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாலும் கேட்டுத்தான் எழுதணும். ட்ரெயினிங்ல நீங்க சொன்னதுதாண்ணே."

"மூணு."

அறை எத்தனை, தண்ணீர் எங்கிருந்து, யாருக்காவது நோய் உண்டா. ஒவ்வொன்றாகக் கேட்டான். படிப்பு என்ற இடத்தில் 'பட்டம்' வரைதான் கட்டம் இருக்கிறது. "முதுகலைன்னு ஓரத்துல எழுதட்டுமாண்ணே?" என்றான். வேண்டாம் என்றேன். எழுதினான்.

எழுந்து, கைக்குட்டையை நனைத்து ஏழைத் துடைத்தான். மூன்று போட்டு வட்டம் வரைந்தான். பிறகு பையை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அந்த லெட்டர மேடம் எங்கிட்டயும் காட்டுனாங்கண்ணே. நல்லா எழுதியிருந்துச்சு. எனக்கெல்லாம் சாகுற வரைக்கும் அப்படி வராது. மூணாவது பத்திய ரெண்டு தடவ படிச்சேன்."

போய்விட்டான்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். அதைக்கூட எனக்குக் கொடுக்காமல் போகிறான். அந்தப் பத்தியை வாழ்க்கையில் ஒருவன் இரண்டு முறை படித்திருக்கிறான், அது அவனாகவா இருக்க வேண்டும்?

ஏப்ரல் 13, திங்கள்

வார்டு ஒன்பது: 3,306. மையம் நிற்கிறது. எட்டரைக்கு மனைவி கிளம்பினாள். வழக்கத்தைவிட வேகமாக நடந்தாள் என்று தோன்றியது.

அலுவலகத்தில் என் முகவரியைத் திருத்தச் சொல்லிவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் ஈரத்துணி எடுத்துக் கதவைத் துடைத்தேன். ஒரு வருடத் தூசி. வட்டத்தையும் அதற்குள் இருந்த மூன்றையும் விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்தேன். அவன் மூன்று போடும் அழகு எனக்கு வராது.