நீ மாட்டிய சக்கரம்

சாமிக்கண்ணு,

நீ போய், உன் காரியமெல்லாம் முடிந்தபின், அப்பா இன்றுதான் நம் பழைய மாருதியை வெளியே எடுத்தார். நீ ஆசையாய் மாட்டிய அகல டயர் திருப்பும்போதெல்லாம் உரசியது. "எருமைக்குப் பூட்ஸு மாட்டியுட்டாப்பல இருக்குது" என்று திட்டி, அதற்காகவே உன்னோடு கடைசிவரை பேசாமல் இருந்தாரே.

நாங்கள் இருவரும் போய்க் காட்டிய பல்லடம் ரோட்டு மெக்கானிக், "பழைய சக்கரத்தையே போட்டுக்கலாமுங்க. இல்லாட்டி மட்கார்டு ஓரத்தை வெட்டோணும்" என்றார்.

வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலே உங்கப்பாவுக்குச் சோறு இறங்காது.

"வண்டிய வெட்டிப்போடுங்க. எம்பையன் போட்டதுல கை வெக்காதீங்க" என்றார்.

வெட்டுகிற சத்தம் அடங்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் டயர் எந்த வளைவிலும் உரசவில்லை. நேரே வீட்டுக்கு வராமல் சூலூர் வரை சும்மா ஓட்டிக்கொண்டு போனார்.

இன்னும் அவர்மேல் கோபமாகத்தான் இருக்கிறாயா, கண்ணு?

அம்மா