மெஷினுக்குக் கழித்த திருஷ்டி

பெங்களூர்

அன்புள்ள அம்மாவுக்கு அறிவுச்செல்வன் எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. வலது கையில் இரண்டு விரல்தான் போயிருக்கிறது.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க, பிரஸ் மெஷினில் கையைக் காக்கும் தடுப்பைக் கழற்றினோம். திரும்ப மாட்டப் போனபோது, வேலை தாமதமாகும் என்று மேனேஜர் விடவில்லை. அதில்தான் என் கை சிக்கியது. இப்போது நம் திருக்கோவிலூர்க்கார சூப்பர்வைசரே ஆஸ்பத்திரிக்கு வந்து, "உன் தப்புன்னு எழுதிக் குடுத்துடு. நஷ்டஈடு, கேசுன்னு இன்னாத்துக்கு அலைஞ்சிக்கினு?" என்கிறான். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

சட்டைக்குப் பொத்தான் போட வரவில்லை. ரிஷிவந்தியத்திலிருந்து யாராவது வந்தால் இரண்டு பனியன் கொடுத்தனுப்பு.

கட்டு மாற்ற நர்ஸ் வந்துவிட்டாள். என் விரல் போன மறுநாளே மெஷினுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்து, தடுப்பையும் மாட்டிவிட்டார்களாம். எனக்குச் சுற்றிப்போடத்தான் இங்கே ஆளில்லை.

உன் மகன்,
அறிவு