கட்டிலுக்கு அடியில் ஒரு திருடன்

6-8-1951, திங்கள்
என் திகில் கதையை அஜீசாவுக்குப் படித்துக் காட்டினேன். புதுப்பெண் குணசுந்தரி கட்டிலில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கத் தலை வாருகிறாள். பிறகு அடியிலிருந்து திருடன் பாய்கிறான். அவன் எப்போது நுழைந்தான் என்கிற விளக்கம் கடைசிப் பக்கத்தில். அஜீசா தலை வாருகிற இடத்திலேயே தூங்கிப்போனாள். பெண்டாட்டியாம்.

7-8-1951
பீடிக் கொட்டகையில் நான் உரக்கப் படிப்பேன், மற்றவர்கள் சுற்றுவார்கள். அதற்குக் கூலியாக ஆளுக்கொரு கட்டு என் பங்குக்குச் சுற்றித் தருவார்கள். இன்று வாரப் பத்திரிகை வரவில்லை. என் கதையை நுழைத்தேன். எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை, உயிர்மேல் ஆசை இருக்கிறது.

கடற்காற்றில் தாள்கள் பறந்தன. பொறுக்கி அடுக்கியதில் கடைசிப் பக்கம் முதலில் வந்துவிட்டது. திருடன் கத்தியோடு கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டான். அப்புறம்தான் குணசுந்தரி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். எதற்கும் கொட்டாவி விடுகிற கமால், மடியில் புகையிலை முறத்தோடு அப்படியே உறைந்துவிட்டான்.

"கீய பாரும்மா... உன் கால்கிட்டதான் கீறான்" என்றான்.

அஜீசாவைத் தூங்கவைத்த அதே பக்கம். ஓர் எழுத்து மாறவில்லை. நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை — இவ்வளவுதானா சங்கதி? இதற்கா இத்தனை வருஷம் இடி மின்னலெல்லாம் எழுதித் தொலைத்தேன்?

8-8-1951
ருசி கண்ட பூனை ஆகிவிட்டேன். இன்று குணசுந்தரி சிக்கெடுத்தாள். எண்ணெய் வைத்தாள். பூக்காரி கூப்பிட்டதும் வாசல் வரைக்கும் போனாள். அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். விலை படியாமல் திரும்பி வந்து அதே கட்டிலில் உட்கார்ந்தாள். கொட்டகையே என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. இத்தனை சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை.

இலை வெட்டும் கத்தரிச் சத்தம் நின்றுபோனதைக் கேட்டு முன்னறையிலிருந்து முதலாளி மதார் சாகிப் வந்தார். ஒரு கையும் ஓடவில்லை.

"மோசமா படிச்சா வச்சிப்பேன் ஹமீது. நல்லா படிக்கிற. அதான் நாளையிலேர்ந்து வராத."

9-8-1951
கதை ஜெயித்தது, கஞ்சிக்கு வழி போச்சு. இன்னாத்துக்கு எழுதினேன் நான்? அந்தப் பொண்ணு தலையை வாரிக்கினு சும்மா போயிருக்கக் கூடாதா? பயமாக இருக்கிறது. அஜீசாவுக்குப் பதிலாகப் பாத்திரங்கள்தான் பேசுகின்றன.

11-8-1951
முதலாளியே வீட்டுக்கு வந்தார். கொட்டகையில் ஆளுக்கொரு முடிவு சொல்லி அடித்துக்கொள்கிறார்களாம். கமால் திருடன் கட்சியாம். வேலை இன்னும் படுத்துவிட்டதாம். எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது கெடக்கட்டும். அந்தப் பொண்ணு பொயைச்சாளா? எனக்கு மட்டும் சொல்லு."

எனக்கே தெரியாது. வாயைத் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அஜீசா பேசினாள்.

"சொல்லிடாதீங்க. மொதல்ல வேலைய திருப்பிக் குடுக்கட்டும்."

தூங்கினவளுக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது.

13-8-1951, திங்கள்
வேலைக்குப் போனேன். கை ஓடுகிறதா என்று மேற்பார்வை பார்ப்பதாகச் சொல்லி முதலாளியும் உள்ளே வந்து உட்கார்ந்தார். இன்று குணசுந்தரியின் சீப்பு கைநழுவிக் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. அதோடு தாளை மடித்தேன்.

"குனியாதம்மா" என்று முதலில் கத்தியவர் முதலாளி.