பசியோடு போன உப்பு வணிகனும் தொடுபலகை ஆணையும்

வாழ்க செங்கோல்! விளைக கழனி! வந்தார்க்கெல்லாம் இலை விரிக்கும் நெய்தலங்கோட்டு நாட்டை அறவழி ஆண்டருளும் பொலந்தார் மாதேவியார் திருவடிகளுக்கு, துறைமுகப் பட்டினத்துப் பெருஞ்சோற்றுச் சாலையையும் அங்காடிகளையும் காக்கும் அமைச்சன் ஏறன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியார் நலமே வாழ்க. ஏறன் நலமாக இல்லை. அதை மறைத்து எழுத அவனுக்குக் கை வரவில்லை.

விடியலில் முரசறைந்து நாடெங்கும் புறப்படவிருக்கும் தொடுபலகை ஆணையைத் தேவியார் நிறுத்தியருள வேண்டும். அவ்வாணையைக் கேட்டுப் பெற்றவனே ஏறன்தான். இன்று அதை நிறுத்தச் சொல்பவனும் அவனே. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆயினும் வெட்கம் பார்க்கும் வேளை அன்று.

திருவிழாக் கூட்டத்தில் கேட்டது ஒன்றும் வந்தது ஒன்றுமாய்ச் சாலை அல்லோலப்பட்டதை அறிந்து, உண்பவரே பலகையைத் தொட்டு வேண்டியதைத் தெரிவிக்கட்டும் எனத் தேவியார் பணித்தருளினார். மேலைமலையார், தென்கரையார் என இரு கம்மியர் குழாத்தார் பலகை கொணர்ந்தனர். மேலைமலையார் பலகையில் சோறும் குழம்பும் ஒளி ஓவியமாய் மின்னும். தொட்டவரின் இருக்கைக்கே உணவு வந்து சேரும். தென்கரையார் பலகையோ மங்கல். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறையும் 'யாருக்கு?' என்று கேட்டு, இருக்கையைக் காட்டிய பின்னரே நகரும். கடைகளுக்குச் சரக்கு அனுப்பச் செய்த பலகையாம், பழைய புத்தி போகவில்லை. தின்பவன் யாரென்று பலகைக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று ஏறன் நகைத்தான், அவையும் நகைத்தது.

தன் வாயால் தனக்குச் சோறு கேளாமை நம் குடிவழக்கம். 'இவருக்கு இன்னும் கொஞ்சம்' என்று பக்கத்திலிருப்பவரே கேட்பார். அவருக்கு இவர் கேட்பார். இதை ஏறன் அறியாதவனா? அறிவான். ஆனால் மேலைமலையார் பலகையைச் சோதித்த அன்று, சாலைத் தலைவி கொற்றிக்காக அவன் புளிச்சோற்றைத் தொட்டான். அவளும் அவனுக்காகப் புளிச்சோற்றையே தொட்டாள். இருவர்க்கும் புளிச்சோறு வந்தது. ஆகா, பிழையே இல்லை என்று இருவரும் மகிழ்ந்தனர். அப்பலகையையே நாடெங்கும் நிறுவ ஏறன் ஆணை கேட்டான். மற்றவருக்காகத் தொட்டது தொட்டவருக்கே வந்ததை இருவருமே உணரவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான்.

இன்று காலை அப்பலகை சாலையில் நிறுவப்பட்டது. பல்லில்லாக் கிழவர் முன் நண்டு வந்து அமர்ந்தது. அவர் நண்டு தொட்டது பக்கத்து இளைஞனுக்காக. அந்த இளைஞன் முன் குழைந்த கஞ்சி. சனங்கள் சிரித்துக்கொண்டே இலை மாற்றி உண்டனர், ஏறனும் சிரித்தான்.

அப்போது தனியாய் வந்த உப்பு வணிகன் ஒருவனைக் கண்டான். பலகையின் முன் கைகட்டி நின்றான் அவன். அவனுக்காகத் தொட்டவர்க்கோ உணவு தம் இருக்கைக்கே வந்தது; மாற்றிக்கொள்ள அவன் முன் இலை இல்லை. தனக்கெனத் தொட அவன் விரல் எழவில்லை. ஏறன் கூட்டத்தை விலக்கிச் சென்று சேருமுன், வணிகன் வாயில் கடந்து போய்விட்டான்.

இச்சாலையிலிருந்து ஒருவர் பசியோடு வெளியேறினால் அமைச்சன் தன் பதவிக் கணையாழியைக் கழற்றுக என்பது முன்னோர் விதி. கழிமுகப் பாதையில் ஆள்கள் அவனைத் தேடுகின்றனர், இதுவரை செய்தியில்லை. நாளை ஆணை புறப்பட்டால் ஒவ்வோர் ஊர்ச் சாலையிலும், கடைவாயிலிலும் தனித்து வருவோர் இப்படியே நின்று திரும்புவர்.

ஆகவே தென்கரையார் பலகையையே தேவியார் ஏற்றருள்க. அது மெல்லத்தான் நகரும், நகரட்டும். தனித்து வந்தவர் இருக்கையைக் காட்டி யாரும் அவர்க்காகத் தொடலாம். தொடுவார் இல்லாதபோது தொடுவதற்குச் சாலைதோறும் ஒருவரை நிறுத்துக.

விதிப்படி ஏறனின் கணையாழி இவ்வோலையோடு கட்டப்பட்டுள்ளது. இப்பணியன்றி அவன் வேறு பணி அறியான், இழக்க அஞ்சுகிறான். ஆயினும் தனக்கென அவன் கேட்பது ஒன்றுமில்லை.

இது ஏறன் ஓலை. குதிரைவீரன் எவ்விடத்தும் இறங்காது செல்க. இரவாயினும் கோட்டைக் காவலர் கதவு திறக்க. சங்குப் பொறி இதற்குச் சான்று.

அமைச்சர் குதிரை தேரப் போயிருக்க, அரக்கு உருகும் நேரத்தில் சாலைத் தலைவி கொற்றி ஓலையின் அடியில் எழுதுவது: உப்பு வணிகன் இப்போதுதான் அகப்பட்டான். இலை போட்டதும் அவன் முதலில் கேட்டது, "உங்கள் அமைச்சர் உண்டாரா?" என்பதே. இல்லை தேவி, காலையிலிருந்து அவர் ஒரு பிடி உண்ணவில்லை. தமக்கென்று கேட்கவும் மாட்டார். பக்கத்தில் இருப்பவள் நான், ஆகையால் நான் கேட்கிறேன்: இவருக்கு அந்தக் கணையாழி.