எக்ஸ்ரே அறைக் கணினி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா? நான் சுகமாக இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம், பயந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரு பாதுகாப்புப் பூட்டுப் போடச் சொன்னார்கள். அதைப் போட்டால், கணினி தொடங்கும்போது முத்திரை பெற்ற மென்பொருள் மட்டுமே உள்ளே வரும், வைரஸ் நுழையாது. எக்ஸ்ரே அறையிலும் போட்டேன். அங்கே எக்ஸ்ரே படத்தைக் கணினிக்குள் வாங்கும் பழைய கார்டின் மென்பொருளுக்கு முத்திரை கிடையாது. இயந்திரம் படுத்துவிட்டது.

மேஜைமேல் கை ஒடிந்த ஒருவர் படுத்திருந்தார். "என்னம்மா, இன்னும் எவ்ளோ நேரம்?" என்றார். அந்த ஒரு கணினியில் மட்டும் பூட்டை எடுத்துவிட்டேன். படம் வந்துவிட்டது.

சாயங்காலம் மேலாளர், "எல்லாத்துலயும் போட்டாச்சா?" என்றார். "போட்டாச்சு சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உண்மையைச் சொன்னால் எக்ஸ்ரேயை நிறுத்துவார்கள். புதுக் கார்டு வர மாதக்கணக்காகும். சொல்லாமலிருந்து வைரஸ் நுழைந்தால் ஆஸ்பத்திரியே முடங்கிவிடும். வாசல் பூட்டை நீங்கள் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பதைக் கேலி செய்வேனே, இப்போது நான் தினமும் பத்துத் தடவை எக்ஸ்ரே அறையை எட்டிப் பார்க்கிறேன்.

தலைவலித் தைலம் இரண்டு பாட்டில் அனுப்புங்கள். என் பழைய போர்வையையும்.

வியாழக்கிழமை கணினிகளைச் சோதிக்க ஆள் வருகிறார். அன்று போன் செய்தால் வேலை எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களிடமும் வாய் தானாக ஏதாவது சொல்லிவிடும்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்