மந்திரியின் கையைப் பிடித்த படம்

கொழும்பு,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய வாப்பாவுக்கு மகன் ஆதம்லெவ்வையின் ஸலாம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? உம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாவா?

வேறொரு பத்திரிகையில் வந்த என் படத்தைக் கல்முனைச் சந்தையில் எல்லோருக்கும் காட்டுகிறீர்கள் என்று மச்சான் எழுதியிருந்தார். தயவுசெய்து காட்டாதீர்கள், வாப்பா. அன்று நான் எங்கள் பத்திரிகைக்காக மந்திரியைப் படம் எடுக்கப் போனவன். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். பள்ளியில் தொழுதுவிட்டு கைகொடுத்து முஸாபஹா செய்வதுபோல, கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் அதைப் படம் எடுத்தார்கள். அவரும் போய்விட்டார். என் கமராவில் ஒரு படமும் இல்லை.

“படம் எடுக்கப் போன நீ படத்துக்குள்ள என்னடா செய்யிறாய்?” என்று பத்திரிகை ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டார். தலை நிமிர முடியவில்லை. வேலை போகவில்லை, பயப்படாதீர்கள்.

உடுக்க மருதமுனைச் சாரம் ஒன்றும் கொஞ்சம் கருவாடும் அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

“கையை ஏன்டா உடனே விடல்ல?” என்றும் ஆசிரியர் கேட்டார். அதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். இந்த ஊருக்கு வந்த பிறகு என் பக்கம் நீண்ட முதல் கை அது, வாப்பா.

உங்கள் மகன்,
ஆதம்லெவ்வை